அந்தத் திசைக்கு ஒரு மருந்து

அன்புள்ள கணவருக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எதிர்த்தவர்களின் வாதத்தையும் முழுமையாகக் கேட்ட பிறகு, முன்னறை ஜன்னலோரம் இருந்த உங்கள் இரும்பு நாற்காலியைக் கதவோரத்துக்கு மாற்றுவது என்று இந்த வீட்டில் முடிவெடுக்கப்பட்டிருக்கிறது. முடிவு திங்கட்கிழமை காலை எடுக்கப்பட்டு, அன்று மாலையே நடைமுறைக்கு வந்தது. இனி அதில் வாடிக்கையாளர்கள் உட்காரலாம். எதிர்ப்புத் தெரிவித்தவர் உங்கள் அம்மா. நடுநிலை வகித்தது பூனை. நாற்காலி இருந்த இடத்தில் தரை நான்கு புள்ளியாகக் கருகியிருக்கிறது. அதை எங்கே மாற்றுவது என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பித்திருக்க வேண்டும். பூனை நலம். அத்தைக்கு உருமாறுவது முன்போலச் சரியாக வருவதில்லை. பகலில் மனுஷியாகத்தான் மாடியிலிருந்து இறங்கி வருகிறார். வால் மட்டும் உள்ளே போக மாட்டேன் என்கிறது. இடுப்பைச் சுற்றிப் போர்வையைப் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்காருகிறார். மருந்து வாங்க வருகிறவர்கள் ஏதோ தீராத வாதநோய் என்று நினைத்துப் பரிதாபப்படுகிறார்கள். கிடைக்கிற பரிதாபத்தை அத்தையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. போன வாரம் ஒரு வங்கி அதிகாரி வாலை நன்றாக மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அத்தை, பரவாயில்லை தம்பி, பழைய உறுப்புதான், என்றார். அந்த மனிதர் அதன் பிறகு வரவில்லை.

நான் நலமா என்று உங்கள் கடைசிக் கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

அந்தக் கடிதம் கிடைத்தது. தீயணைப்பு நிலையத்துக்கு வந்திருக்கும் புதிய ஏணியைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருந்தீர்கள். ஏணி நீளமானது என்பது நன்றாகப் புரிந்தது. மீதிக் கால் பக்கத்தில் பதக்கம் வாங்கிய செய்தி இருந்தது. எரிகிற வீட்டுக்குள் முகமூடிகூட இல்லாமல் நடந்து போய் ஒரு பீரோவை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தீர்களாம். உங்கள் மேலதிகாரி கண்கலங்கினாராம். டிராகன் என்று தெரியாமலே உங்களுக்குத் தீயணைப்பு வேலை கொடுத்த ஊருக்கு இதுகூடக் கிடைக்காவிட்டால் எப்படி. உங்களுக்கு அது வெந்நீர்க் குளியல் என்பது எனக்கும் அத்தைக்கும் மட்டும் தெரியும். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பதக்கத்துக்கு வாழ்த்துகள்.

தொழில் நன்றாக நடக்கிறது. ஓடிப்போன கணவன்மார்களைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் இப்போதும் முக்கால்வாசி வேலை. தெருமுனைப் பல் டாக்டர் அம்மாவின் கணவர் போன மாதம் திரும்பி வந்துவிட்டார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், கூப்பிட்டால் ‘ம்’ என்கிறார். முன்பைவிட இப்போதுதான் நன்றாக இருக்கிறார் என்று அந்த அம்மாள் பூரித்துப் போயிருக்கிறார். மருந்து உடம்பைத்தான் இழுத்து வரும். மீதியை அவர்கள் கேட்பதும் இல்லை, நான் தருவதாகச் சொல்வதும் இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அத்தை சும்மா இருப்பாரா? ஊரில் இருக்கிற பொம்பளைக்கெல்லாம் புருஷனைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறாய், சொந்தப் புருஷன் என்று வந்தால் மட்டும் கை வலிக்கிறதா என்று தினமும் காலை ஒரு முறையாவது கேட்டுவிடுகிறார். கை வலி இல்லை என்று நானும் தினமும் சொல்கிறேன். மந்திரம் ஏழு ஆறுகளைத் தாண்டாது. ஆனால் மருந்து தாண்டும், அதற்கு வயிறு ஒன்றுதான் வழி. ஒரு டப்பா இனிப்பில் கலந்து தபாலில் அனுப்பினால் போதும், அடுத்த ரயிலில் நீங்கள் வந்து இறங்குவீர்கள். கூப்பிட்டால் ‘ம்’ என்பீர்கள்.

நீங்கள் கிளம்பிய காலை எனக்கு மறக்கவில்லை. வாசலில் நின்று செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். இத்தனை வருஷம் மனிதர்களோடு பழகியும் உங்களுக்குச் செருப்பு மட்டும் பிடிபடவில்லை. குனிந்தபடியே சொன்னீர்கள்: “உன்மேல எனக்கு இருக்குறது என்னோடதா, இல்ல நீ ஏதாவது கலந்து குடுத்ததா, எனக்கே தெரியல. ஏழு ஆறு தாண்டிப் போய் நின்னு பாக்குறேன். ஒரு வருஷம்.” கலக்கவில்லை என்று நான் அன்றே சொன்னேன். சூனியக்காரி சொல்கிற ‘இல்லை’க்குச் சந்தையில் என்ன மதிப்பு என்பது எனக்கும் தெரியும். ஆகவே இரண்டாம் முறை சொல்லவில்லை. செருப்பை மட்டும் சரியாக மாற்றிப் போட்டுவிட்டேன்.

உங்கள் சந்தேகத்துக்கெல்லாம் வேர் அந்தத் தொண்டைக் கஷாயம்தான். எங்கிருந்தோ பறந்து வந்து, இறங்கத் தெரியாமல் என் மாடித் தண்ணீர்த் தொட்டியை உடைத்தீர்கள். பிறகு மனிதனாக மாறி, படியிறங்கி வந்து, நனைந்த தலையோடு மன்னிப்புக் கேட்டீர்கள். மன்னிப்போடு சேர்த்துத் தொண்டை வலிக்கு மருந்தும் கேட்டீர்கள். நெருப்பு விடுகிற தொண்டைக்கு வலி வந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. இஞ்சியும் தேனும் கலந்து கொடுத்தேன். இரண்டாம் நாளே வலி போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். அதற்குப் பிறகும் ஒரு மழைக்காலம் முழுக்க நாள் தவறாமல் வந்து, ‘ஆ’ என்று வாயைத் திறந்து காட்டினீர்கள். நானும் விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது என்று சொன்னேன். அந்தக் கஷாயத்தில் நான் போட்டது இஞ்சியும் தேனும். மற்றது எதுவாக இருந்தாலும் அது உங்கள் தொண்டையிலேயே இருந்திருக்க வேண்டும்.

அதையே போன குளிர்காலத்தில் ஒரு பாட்டில் அனுப்பினேன். மூடி திறக்காமல் திரும்பி வந்தது. ‘பெறுநர் ஏற்க மறுப்பு’ என்று முத்திரை குத்தியிருந்ததைத் தபால்காரர் எனக்கு மெதுவாக, எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினார். எனக்குப் படிக்கத் தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு அக்கறையாக வாசித்தார்.

ஒரு வருஷம் என்றீர்கள். இது நான்காவது. பார்த்து முடித்துவிட்டீர்கள் என்றால், என்ன தெரிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் ஏணியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

மழை தொடங்கப் போகிறது. எரிகிற வீடுகளுக்குள் போகும்போது கூரையைப் பார்த்துப் போங்கள். தீ உங்களை ஒன்றும் செய்யாது, உத்தரம் விழுந்தால் உங்களுக்கும் வலிக்கும்.

இப்படிக்கு,
எதையும் கலக்காத
உங்கள் மனைவி

*

அன்புள்ள கணவருக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் காகிதம், துணி எதுவும் இருந்தால் தள்ளி வைத்துவிடுங்கள். கோபம் வந்தால் உங்கள் மூக்கைப் பற்றி உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

சென்ற வாரம் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். உங்கள் ஊரில் தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாளாம். கடையைப் பூட்டிவிட்டு இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறாள். பல் டாக்டர் அம்மாவின் தங்கை அவளுடைய வாடிக்கையாளராம். என் கைராசியைப் பற்றி அந்தத் தங்கை அங்கே பேசாத இடமில்லையாம். கதவோரம் இருந்த இரும்பு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அதில் உட்கார்ந்த முதல் வாடிக்கையாளர் அவள்தான்.

அவளுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. பெயர் கேட்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை, கேட்கவில்லை. நிலையத்து ஆட்களின் சீருடையெல்லாம் அவளிடம்தான் வருமாம். இந்த ஒருவருடைய சட்டை மட்டும் எப்போதும் சுருக்கமே இல்லாமல் வருமாம், யாரோ ஏற்கெனவே தேய்த்தது போல. இஸ்திரிக்காரிக்கு அது மானப் பிரச்சினை. போட்டிக் கடை எது என்று விசாரித்திருக்கிறாள். கடை ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், ஒரு நாள் சட்டை வாங்க வந்தவரின் கையில், இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்ப்பதுபோல் எச்சில் விரலால் தொட்டுப் பார்த்தாளாம். ‘சுர்’ என்றதாம். அவர் கோபப்படவில்லையாம், ‘மிதமான சூடுதான், பட்டுக்கு வைக்கலாம்’ என்றாராம். அன்றிலிருந்துதான், என்றாள்.

அந்த நகைச்சுவையை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். என்னிடம் சொன்னபோது பட்டு அல்ல, பருத்தி.

குறை என்ன என்று கேட்டேன். ஆள் தங்கமானவர், ஆனால் பாதிதான் இங்கே இருக்கிறார் என்றாள். ஊரில் ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது, அது தீராமல் எதுவும் சொல்ல முடியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். “டெய்லி சாயங்காலம் மொட்டைமாடில போய் ஒரே பக்கமா பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார் அக்கா. மழை பெஞ்சாலும் உக்காந்திருப்பார். நனையறதுகூட இல்ல, ஆவியாப் போயிடும். நான் யார் குடியையும் கெடுக்க வரல. அந்தத் திசைய மட்டும் அவர் மறந்துட்டாப் போதும்.” எந்தத் திசை என்று கேட்டேன். மருந்துக்குத் தேவையான கேள்வி அது. ரயில் வந்த வழியைக் கையால் காட்டிக்கொண்டே வந்தவள், கடைசியில் எனக்கு நேராக விரலை நீட்டி நிறுத்தினாள்.

நான்கு வருஷமாக நான் எதிர்பார்த்த அந்த ஒரு வரி இப்படித்தான் வந்து சேர்ந்தது. நன்றி.

அவர் உடம்பில் பட்ட பொருள் ஏதாவது வேண்டும் என்றேன். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, காலரில் ஒட்டிக்கொண்டிருந்ததாம், ஏதோ கண்ணாடிச் சில்லு என்று மேசைமேல் வைத்தாள். பிடரிச் செதில். ஓரத்தில் கீறல் இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் இடித்துக்கொண்டது.

எங்கள் தொழிலின் கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியும், கேலிகூடச் செய்திருக்கிறீர்கள். யார் வந்து கேட்டாலும் இரண்டு முறை மறுக்கலாம். மூன்றாம் முறை வந்து கேட்டால் மறுக்கக் கூடாது. கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். போலி கொடுத்தால் கைராசி போய்விடும். முதல் முறை, சரக்கு இல்லை என்றேன். மறுநாள் வந்தாள். பருவம் சரியில்லை என்றேன். அதற்கடுத்த நாள் மழையில் குடை இல்லாமல் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லிவிட்டேன். மறுக்க முடியாது என்பதால் அல்ல, நனைந்துகொண்டிருந்தாள் என்பதால். பிறகு கேட்டாள்.

அத்தை மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனதும் இறங்கி வந்து, பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சாயத்தைக் கலந்து கொடுத்தனுப்பு, உலகத்தில் எந்த வைத்தியர் கொடுக்காதது, கைராசி போனால் போகட்டும், என்றார். அத்தை சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பகல் முழுக்க அதைத்தான் யோசித்தேன். தண்ணீரைக் கொடுத்தால் நீங்கள் எதையும் மறக்க மாட்டீர்கள். ஆனால் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் நான் செய்த தந்திரமாக இருக்கும். நான் உங்களை ஏமாற்றிப் பிடித்து வைத்திருப்பதாக நீங்கள் சொன்னது இதுவரை பொய். அந்த நிமிஷத்திலிருந்து உண்மையாகிவிடும்.

ஆகவே மருந்தைச் செய்துகொண்டிருக்கிறேன். ஊறுவதற்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். அவள் இங்கேயே ஒரு விடுதியில் தங்கி, தினமும் வந்து அத்தையின் போர்வையைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. அவளிடம் குறை கண்டுபிடிக்க நானும் முயற்சி செய்து பார்த்துவிட்டேன். நேற்று, உங்க வீட்டுக்காரர் எங்கே அக்கா என்றாள். வேலை விஷயமாக வெளியூரில் என்றேன். உங்களை நல்லா வெச்சுக்கிறாரா என்றாள். தூரத்தில் வைத்துக்கொள்கிறார் என்றேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

இந்தக் கடிதம் அவளுக்கு முன்பே உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்காகத்தான் எழுதுகிறேன். விஷயம் இதுதான்: அவள் ஊர் திரும்பியதும் ஒரு நாள் உங்களுக்குத் தேநீர் கொடுப்பாள். அதில் நான் செய்த மருந்து இருக்கும். புதுமழை பட்ட மண்ணின் வாசனை வரும். குடித்தால் இந்தத் திசையை மறந்துவிடுவீர்கள். நான், இந்த வீடு, மாடி, மாடியில் இருப்பவர், எல்லாம் இந்தத் திசையில்தான் இருக்கிறோம். மாற்று மருந்து கிடையாது. கொட்டிவிட்டால் கொட்டியதுதான், அவளுக்குத் தெரியவும் தெரியாது, என் கைராசிக்கும் பழுதில்லை.

ஏதாவது கலந்து கொடுத்தாயா என்று கேட்டீர்கள். இப்போது கொடுக்கப் போகிறேன். உங்களுக்காக நான் கலந்தது இது ஒன்றுதான். என்ன கலந்தேன், யார் கையில் வரும், எப்படி மணக்கும் என்பது வரை சொல்லிவிட்டேன். முழுக்க முழுக்க உங்களுடையதான ஒரு முடிவைத் தேடித்தானே ஏழு ஆறு தாண்டிப் போனீர்கள். ஒரு டம்ளரில் ஊற்றி அனுப்புகிறேன்.

கொட்டிவிடுங்கள் என்று எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் ஒருவகையில் கலப்பதுதான். உங்கள் அறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு சாக்கடை ஓடுவதாக அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். தகவலுக்காக எழுதியிருக்கிறேன்.

மாடித் தொட்டியைப் புதிதாகக் கட்டியிருக்கிறோம். இறங்குவதற்கு இந்தப் பக்கம் நிறைய இடம் விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

இஸ்திரிக் கடை அம்மாளிடம் தாங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. தங்கள் கையெழுத்து தெளிவாக இருக்கிறது. முன்பின் தெரியாதவரைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும் என்று எழுதியிருக்கிறீர்கள். தொந்தரவு ஒன்றுமில்லை. எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள்தான்.

தாங்கள் கேட்டவற்றுக்கு, என்னால் முடிந்தவரை, பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடத்தில் பார்த்தபோது அந்தப் பக்கம் மட்டும் வெறுமையாகத் தெரிகிறது, ஒருவேளை அச்சுப்பிழையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அச்சுப்பிழை அல்ல. அதனால் தங்களுக்குக் கெடுதல் ஒன்றும் வராது. அந்தப் பக்கம் போக வேண்டிய வேலை தங்களுக்கு ஏதும் இல்லாத நிலையில், அப்படியே விட்டுவிடலாம்.

தீராத ஜுரம் இருப்பதாகவும், மூன்று டாக்டர்களின் வெப்பமானிகள் உடைந்துவிட்டதாகவும், நான்காவது டாக்டர் பார்க்கவே மறுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது ஜுரம் அல்ல. தங்கள் உடம்பின் இயல்பான சூடே அதுதான். சிலருக்கு அப்படி இருப்பதுண்டு. எங்கள் வீட்டு மாடியில் ஒரு அம்மாள் இருக்கிறார், அவருக்கும் அப்படித்தான். ஆகவே அதை இறக்குவதற்கு யார் எந்த மருந்து கொடுத்தாலும் வாங்கிக் குடிக்க வேண்டாம். இதை மட்டும் சற்று அழுத்தி எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முன்பு வேறு ஏதேனும் மருந்து எடுத்துக்கொண்டதுண்டா என்பதற்கு ‘இல்லை’ என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நினைவில்லாமல் இருப்பது அந்த மருந்தின் குணம். தங்களுக்குக் கழுத்து ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கோளாறு இருந்தது. அதற்காக இந்தக் கடையில்தான் செய்யப்பட்டது. நோயாளி மருந்தை எப்படி எடுத்துக்கொண்டார் என்று விசாரிப்பது எங்கள் வழக்கம் என்பதால், கடிதம் கொண்டுவந்த அம்மாளிடம் கேட்டேன். அவர் சொன்னதைத் தங்கள் தகவலுக்காக எழுதுகிறேன்.

தேநீரில் கலந்து, தங்களுக்குத் தெரியாமல் கொடுக்கத்தான் அவர் நினைத்திருந்தார். ஆனால் கலப்பதற்குள் தாங்களே அடுப்பருகில் வந்து நின்று, தேநீர் வேண்டாம், அதை அப்படியே கொடு என்று கை நீட்டியிருக்கிறீர்கள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டதாம். டம்ளரை வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனீர்கள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். கீழே வந்தபோதும் டம்ளர் நிறையத்தான் இருந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு முறை முகர்ந்து பார்த்தீர்கள். பிறகு, இதை அந்தக் கடைக்காரம்மாவே கைப்படச் செய்தார்களா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றிருக்கிறார். “அப்ப சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, ஒரே மடக்கில் குடித்துவிட்டீர்கள்.

உங்கள் பெயர் அங்கே வரைக்கும் தெரிந்திருக்கிறது அக்கா என்று அந்த அம்மாள் என்னிடம் மிகவும் பெருமையாகச் சொன்னார்.

மருந்து சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதில் எனக்குத் திருப்தி.

அடுத்ததாக, வேலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தீயைக் கண்டால் கைகால் உதறுவதாகவும், ஏணியில் ஏறினால் தலை சுற்றுவதாகவும், சுவரில் தங்கள் பெயரில் ஒரு பதக்கம் மாட்டியிருப்பது எதற்கென்று விளங்கவில்லை என்றும், இப்போது தொலைபேசி எடுக்கும் வேலையில் போட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் திசையில் என்னவெல்லாம் இருந்தன என்று நான் கணக்குப் போட்டபோது, தங்கள் உடம்பைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருந்ததைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பயப்பட வேண்டாம், தீ தங்களை ஒன்றும் செய்யாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அது தங்களுக்கே தெரியாமல் இருக்கும்போதும் ஒன்றும் செய்யாதா என்பது எனக்குத் தெரியவில்லை. எங்கள் மாடி அம்மாளிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆகவே தொலைபேசியே நல்லது. அடுப்பருகிலும் அதிக நேரம் நிற்க வேண்டாம்.

அந்த மாடி அம்மாளிடம் தங்கள் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு நோயாளிகளின் கடிதங்களில் ஆர்வம் அதிகம். முடிந்ததும், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல், என்றார். பிறகு மேலே போனவர், சாப்பாட்டுக்குக்கூட மனுஷியாகக் கீழே இறங்கவில்லை. தட்டை நான்தான் மேலே கொண்டு போகிறேன். என்னைக் குறை சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

இஸ்திரிக் கடை அம்மாள் தங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், நல்ல பெண். அவருக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. என்னிடம் சொன்னதைத் தங்களிடம் சொல்லச் சொல்லவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தாங்கள் அவரிடம் மரியாதையாக நடந்துகொள்கிறீர்களாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம் நடந்துகொள்வதுபோல. முன்பு பாதியாவது இங்கே இருந்தார், இப்போது அந்தப் பாதியும் எங்கே போனது என்று தெரியவில்லை அக்கா என்றார். அவர் கேட்டது மறதி. வேறு எதையும் கேட்கவில்லை, நானும் வேறு எதையும் சேர்க்கவில்லை. முடிந்தால் அவரிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேசுங்கள். தங்களுக்கு அது வரும். சூட்டைப் பற்றி ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால்கூடப் போதும்.

கடைசியாக, மருந்து அல்லாத ஒரு யோசனை. குடியிருக்க வேறு அறை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேல்தளமாகப் பாருங்கள். மொட்டைமாடிக்குத் தனிக் கதவு இருக்கட்டும். எப்போதாவது ஒரு நாள் விழித்தெழும்போது கட்டில் உடைந்திருந்தாலோ, அறை திடீரென்று சின்னதாகத் தெரிந்தாலோ பயப்பட வேண்டாம்; யாரையும் கூப்பிடவும் வேண்டாம். மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் காற்றில் நில்லுங்கள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். செருப்புப் போடும்போது பெருவிரல் உட்பக்கமாக வருகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். தங்களைப் போன்ற உடம்புக்கு ஆயுள் மிகவும் நீளம். அவ்வளவு காலமும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரி

பி.கு.: இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் அம்மாள் தனக்கு இன்னொரு மருந்து வேண்டும் என்றார். மறுத்துவிட்டேன். மறுநாள் காலை வந்து மறுபடியும் கேட்டார். மறுத்துவிட்டேன். மூன்றாம் முறை அவர் கேட்க வருவதற்குள், அன்று மாலையிலிருந்தே, இந்தக் கடையில் பல்வலி, தேமல், தொண்டைக் கட்டு ஆகியவற்றுக்கு மட்டுமே மருந்து கொடுக்கப்படுகிறது.